செடியின் உணவு எங்கிருந்து வருகிறது, அதில் கொக்கு வரை எவ்வளவு போய்ச் சேருகிறது?

கேள்வி: பள்ளத்தூர் ஆச்சி

அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் பேரனுக்கு மாலை நேரத்தில் அறிவியல் பாடம் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. தாவரங்கள் சூரிய ஒளியில் தம் உணவைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன என்ற ஒரு வரியோடு நாங்கள் படித்த காலத்துப் பாடம் முடிந்துவிடும். அவன் அந்த வரிக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் கேட்கிறான். எதையாவது சொல்லி அவன் வாயை அடைக்க எனக்கு மனமில்லாததால், அவனுடைய கேள்விகளை விவரம் அறிந்தவர்கள் முன் வைக்கிறேன்.

செடி காற்றையும் தண்ணீரையும் கொண்டே உணவு செய்துகொள்கிறது என்றால், பின்கட்டில் நிற்கும் முருங்கைக்கும் வாழைக்கும் நாம் எதற்காகச் சாணி எரு வைக்கிறோம், வயலுக்கு எதற்காக யூரியா போடுகிறார்கள் என்பது அவனுடைய முதல் கேள்வி. ஓர் உயிரை இன்னோர் உயிர் உண்ணும்போது ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் மேலே போகிறது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் மீதி ஒன்பது பங்கு எங்கே போகிறது, அந்தக் கணக்கு எல்லா இடத்திலும் பத்தில் ஒன்றுதானா என்பது இரண்டாவது.

மூன்றாவது கேள்வி என்னுடையது. இரவில் புளியமரத்தடியில் படுக்கக் கூடாது என்று என் மாமியார் சொல்லுவார்கள். மரம் இரவில் கரியமில வாயுவை வெளிவிடுவதுதான் அதற்குக் காரணம் என்று இக்காலத்தில் பலர் விளக்கம் தருகிறார்கள். அந்த விளக்கம் சரியானதா?

பதில்: தேவகோட்டை, ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்

ஆச்சி அவர்களுக்கு வணக்கம். உங்கள் பேரனின் முதல் கேள்வி, ஐரோப்பாவில் இரண்டு நூற்றாண்டுகளாகப் பல அறிஞர்கள் மல்லுக்கட்டிய கேள்வி. ஆகவே அதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லுகிறேன்.

பிரசெல்ஸ் நகரத்தைச் சேர்ந்த வான் ஹெல்மாண்ட் என்பவர், நன்றாக உலர்த்திய ஏறத்தாழ 90 கிலோ மண்ணை ஒரு தொட்டியில் நிரப்பி, அதில் இரண்டேகால் கிலோ எடையுள்ள ஒரு வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டுமே ஊற்றி வளர்த்தார். முடிவில் மரம் சுமார் 77 கிலோ இருந்தது. மண்ணில் குறைந்ததோ 57 கிராம் அளவுதான். அவர் 1644இல் காலமான பிறகு, 1648இல் இந்தச் சோதனை அச்சில் வெளிவந்தது. மரத்தின் எடை மண்ணிலிருந்து வரவில்லை என்பதை அவர் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிவிட்டார். ஆனால் மரம் முழுவதும் தண்ணீராலேயே ஆனது என்று முடிவு செய்தார். கரியை எரிக்கும்போது வெளிவரும் வாயுவை ஆராய்ந்தவரும் அவரேதான். அந்த வாயுவுக்கும் தம் தொட்டி மரத்துக்கும் உறவு உண்டு என்பது மட்டும் அவருக்கு எட்டவில்லை. அதற்குப் பிறகு 1770களில் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவத்தி எரிந்து கெட்டுப்போன காற்றைப் புதினாச் செடி மீண்டும் நல்லதாக்குகிறது என்று கண்டார். வெளிச்சம் இருக்கும்போது, அதுவும் பச்சையான பாகங்களில் மட்டுமே இது நடக்கிறது என்பதை 1779இல் இங்கென்ஹௌஸ் நிறுவினார். காற்றிலுள்ள கரியோடு தண்ணீரும் சேர்ந்தே செடியின் எடையாகிறது என்பதை 1804இல் ஜெனீவாவின் தெ சொசூர் எடைபோட்டுக் காட்டினார்.

இன்று அந்தக் கணக்கைப் பையன் தாளிலேயே போட்டுப் பார்க்கலாம். 264 கிராம் கரியமில வாயுவும் 108 கிராம் தண்ணீரும் சேர்ந்தால் 180 கிராம் குளுக்கோஸும் 192 கிராம் ஆக்சிஜனும் கிடைக்கின்றன. இரு பக்கமும் கூட்டினால் 372 வரும். இதில் கூர்ந்து பார்க்க வேண்டிய ஓர் இடம் உண்டு. வெளிவரும் ஆக்சிஜன் முழுவதும் தண்ணீரிலிருந்தே வருகிறது, கரியமில வாயுவிலிருந்து வருவதில்லை. எடை கூடிய ஆக்சிஜன் அணுக்களை அடையாளமாக வைத்து 1941இல் ரூபனும் கேமனும் இதைச் சோதித்தார்கள். ஆறு மூலக்கூறு தண்ணீரில் ஆறு ஆக்சிஜன் அணுக்களே இருக்க, வெளிவருவதோ பன்னிரண்டு அணுக்கள். அதனால்தான் சில நூல்களில் பன்னிரண்டு மூலக்கூறு தண்ணீர் உள்ளே போவதாகவும் ஆறு திரும்ப வெளியே வருவதாகவும் சமன்பாட்டை எழுதியிருப்பார்கள். இரண்டு புத்தகங்களில் இரண்டு விதமாகப் பார்த்துப் பையன் குழம்பினால், காரணம் இதுதான் என்று சொல்லுங்கள்.

இலைக்குள் வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. பசுங்கணிகத்தில் உள்ள பச்சையம் ஒளியைப் பிடித்து, அந்த ஆற்றலால் தண்ணீரைப் பிளந்து, ஆக்சிஜனை வெளியே விட்டுவிட்டு, ஆற்றலைச் சில மூலக்கூறுகளில் ஏற்றி வைக்கிறது. அந்த ஆற்றலைச் செலவிட்டுக் கரியமில வாயுவைச் சர்க்கரையாகக் கட்டுவது இரண்டாவது கட்டம். இந்தச் சுற்றைக் கதிரியக்கக் கார்பனின் உதவியால் படிப்படியாகக் கண்டறிந்ததற்காக மெல்வின் கால்வினுக்கு 1961இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதத்தைச் சற்றே தாண்டிய அளவுதான் இருக்கிறது. அவ்வளவு அரிதாகக் கிடைக்கும் ஒன்றைத் திரட்டித்தான் ஓர் ஆலமரம் தன் விழுதுகளைக் கட்டியிருக்கிறது என்பதை எத்தனை ஆண்டுகள் பாடம் நடத்திய பிறகும் என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை.

எரு எதற்கு என்றால், அது செடிக்கு உணவு அன்று. உணவைச் செய்யும் கருவிகளைக் கட்டுவதற்கான பொருள். பச்சைய மூலக்கூறின் நடுவில் ஒரு மெக்னீசியம் அணுவும் அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன் அணுக்களும் இருக்கின்றன. கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்னும் புரதம் இலையில் மிகப் பெரிய அளவில் வேண்டியிருப்பதால், நெல் போன்ற பயிர்களின் இலையிலுள்ள நைட்ரஜனில் ஏறத்தாழ கால் பங்கு அந்த ஒரு புரதத்திலேயே அடங்கிவிடுகிறது. ஆற்றலை ஏந்திச் செல்லும் மூலக்கூறுகளுக்குப் பாஸ்பரஸ் தேவை. இலைத்துளைகள் திறந்து மூடப் பொட்டாசியம் தேவை. எருவிலிருந்து இவை கிடைக்கின்றன. சாணியில் மிஞ்சியிருக்கும் ஆற்றலை மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் மண்புழுக்களும் எடுத்துக்கொள்கின்றன. வாழையின் வேருக்கு அதில் பங்கில்லை.

புளியமரத்தைப் பற்றி: எல்லா மரங்களும் இரவும் பகலும் சுவாசிக்கின்றன. இரவில் ஒளிச்சேர்க்கை இல்லாததால் சுவாசத்தின் கரியமில வாயு மட்டும் வெளியே தெரிகிறது. ஆனால் அதன் அளவு, நல்ல வெயிலில் அதே இலை உள்ளிழுக்கும் அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அதுவும் திறந்த வெளியில் உடனே கலைந்துவிடும். ஒரு மனிதர் ஒரு நாளில் வெளிவிடும் கரியமில வாயு ஏறத்தாழ ஒரு கிலோ. நால்வர் ஓர் அறையில் சேர்ந்து படுத்து உறங்குவதை நாம் ஆபத்து என்று நினைப்பதில்லையே. புளியமரத்தடியில் பூச்சி பொட்டுக்கும் விழும் கிளைக்கும் அஞ்சலாம். மூச்சுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான செடிகளும் நம் வீடுகளில் உண்டு. ரணகள்ளி, சப்பாத்திக் கள்ளி போன்றவை பகல் வெயிலில் நீரை இழக்காமலிருக்க இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்து, அதை ஒரு புளிப்பு அமிலமாகச் சேர்த்து வைக்கின்றன. பகலில் அதை எடுத்துச் சர்க்கரையாக்குகின்றன. கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவரவியலாளராக இந்தியாவில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலை காலையில் புளிப்பாகவும் நண்பகலில் சுவையற்றும் இருப்பதை நாவால் அறிந்து எழுதிய குறிப்பு 1815இல் லண்டனில் வெளிவந்தது. இந்த வகை ஒளிச்சேர்க்கையைப் பற்றிய முதற்குறிப்புகளில் ஒன்று நம் நாட்டில் பணியாற்றிய ஒருவர் எழுதியது என்பதைப் பையனிடம் சொல்லுங்கள்.

பதில்: கல்லல் பக்கத்து விவசாயி

ஆசிரியர் ஐயா எரு உணவு அன்று என்று சொன்னதை எங்கள் ஊரில் ஒவ்வொரு வயல் வரப்பிலும் நின்று சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். யூரியாவைப் பயிருக்குச் சோறு என்று எண்ணுகிறவர்கள், பயிர் வாடினாலும் யூரியா, வெளிறினாலும் யூரியா, பூச்சி விழுந்தாலும் யூரியா என்று கொட்டுகிறார்கள். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது. இலை தன் கருவிகளைக் கட்டிக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் கிடைத்தால், இலை கரும்பச்சையாகி, தண்டு மெலிந்து நீண்டு, பயிர் சாய்ந்துவிடுகிறது; இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் அந்த இளசைத்தான் தேடி வருகின்றன. நெல்லுக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்க்க இலை வண்ண அட்டை இருக்கிறது. இலையை அட்டையின் பச்சைப் பட்டைகளோடு ஒப்பிட்டு, வெளிறியிருந்தால் மட்டும் போடலாம். அந்த அட்டை அளப்பது பச்சையத்தின் அடர்த்தியை, அதன் வழியே நைட்ரஜனை.

குறை எந்தச் சத்தில் என்பதையும் ஓரளவு இலையே காட்டிக்கொடுக்கும். நைட்ரஜன் பற்றாத பயிர், தன் கீழிலையில் உள்ளதைக் கரைத்து மேலே குருத்துக்கு அனுப்பிவிடும்; அதனால் அடியிலைகள் முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்துக்கு அந்த வசதி இல்லை, ஒருமுறை ஓர் இலையில் சேர்ந்தால் எளிதில் நகராது; ஆகவே அந்தக் குறை குருத்திலையில் முதலில் தெரியும். பின்கட்டு வாழையை ஆச்சி இந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதி வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல், இல்லாவிட்டால் இல்லை என்றாகிவிட்டது. முன்பு மேட்டு நிலத்தில் வரகும் கேழ்வரகும் குதிரைவாலியும் இருந்தன. வறட்சியைத் தாங்கும் பயிர்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தாங்கும் வலிமைக்கு ஒளிச்சேர்க்கையிலேயே ஒரு காரணம் இருக்கிறது. ஐயா சொன்ன ரூபிஸ்கோ புரதத்துக்கு ஒரு குறை உண்டு: வெப்பம் கூடக்கூட அது கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு, செய்த வேலையைத் தானே வீணாக்குகிறது. நெல் இந்த இழப்பைச் சகித்துக்கொள்கிறது. வரகு, கேழ்வரகு, கம்பு, சோளம், கரும்பு ஆகியவையோ கரியமில வாயுவை முதலில் வேறொரு புரதத்தால் பிடித்து, இலை நரம்பைச் சுற்றியுள்ள செல்களுக்குள் செறிவாக அடைத்து, அங்கே ரூபிஸ்கோவிடம் ஒப்படைக்கின்றன. அதனால் இலைத்துளையை அதிகம் திறந்து வைக்க வேண்டியதில்லை. ஒரு கிலோ விளைவுக்கு அவை செலவிடும் நீர் நெல்லோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ பாதி. கரும்பில் இந்த வழியை 1966இல் ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் என்ற இருவர் விளக்கினார்கள். செம்மண் மேட்டுக்கு எது பொருந்தும் என்று நம் முன்னோர்கள் விளைவைப் பார்த்தே தேர்ந்திருக்கிறார்கள். அந்தத் தேர்வைக் கைவிட்டுவிட்டு ஆழ்குழாயை இன்னும் ஆழமாக இறக்கிக்கொண்டிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பதில்: புதுவயல், அரிசி ஆலையில் பணி

நெல்லில் உமி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. எங்கள் பக்கத்து ஆலைகளில் நெல் அவிக்கும் கொதிகலனுக்கு அந்த உமியே எரிபொருள். ஒரு கிலோ உமியில் 3,000 கிலோ கலோரிக்கு மேல் வெப்பம் கிடைக்கிறது. அது முழுவதும் வயலில் அந்தப் பயிர் பிடித்த வெயில். ஆச்சியின் பேரன் கேட்ட முதல் கேள்விக்கு அடுப்பிலேயே விடை இருக்கிறது. எரிந்து காற்றோடு போவது காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்த பகுதி. அடியில் சாம்பலாகத் தங்குவதே மண்ணிலிருந்து வந்த பகுதி. விறகு எரிந்தால் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் சாம்பல் மிஞ்சும். உமியில் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சுகிறது, ஏனென்றால் நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை நிறைய எடுத்து உமியில் சேர்த்து வைக்கிறது. ஒரு விறகுக் கட்டையையும் கொஞ்சம் உமியையும் தனித்தனியே எடைபோட்டு எரித்து, சாம்பலையும் எடைபோடச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அடிப்பகுதி எனக்கு நன்றாக விளங்கிவிட்டது. பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கை மட்டும் இன்னும் ஒருவரும் தொடவில்லை. அதையொட்டி இன்னொரு சந்தேகமும் எழுகிறது. உணவுப் பிரமிடு என்று அடி அகன்று நுனி கூம்பிய படத்தைப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். கண்மாய் வற்றும்போது ஊரே இறங்கிக் கூடை கூடையாகக் கெண்டையும் கெளுத்தியும் விராலும் பிடிக்கிறது. அத்தனை மீனுக்கும் அடிப்படையான பச்சை எங்கே இருக்கிறது? கரையோரப் பாசியையும் அல்லியையும் சேர்த்தாலும் மீனின் எடை வராது போலிருக்கிறதே. அதே கண்மாயில் கொக்கும் நாரையும் மட்டும் ஏன் விரல் விட்டு எண்ணும் அளவில் நிற்கின்றன?

பதில்: காரைக்குடி, விலங்கியல் ஆராய்ச்சி மாணவி

ஆச்சி, பத்தில் ஒன்று என்பதைச் சட்டம் என்று சொல்லிக்கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. அது பல இடங்களில் அளந்த கணக்குகளுக்கு நடுவே நினைவில் வைத்துக்கொள்ள எளிதான ஓர் உத்தேச எண். ஆற்றலை இவ்வாறு படிப்படியாகக் கணக்கிடும் முறையை வகுத்தவர் ரேமண்ட் லிண்டமன் என்ற இளைஞர். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்திலுள்ள சீடர் பாக் என்ற சிறிய ஏரியை ஆராய்ந்து எழுதிய அவர் 1942இல், 26 வயதிலேயே, தம் கட்டுரை அச்சாவதற்கு முன் இறந்துபோனார். அவருடைய ஏரிக் கணக்கில் தாவரங்கள் வெயிலில் 0.1 சதவீதத்தைப் பிடித்தன. அவற்றை உண்டவற்றுக்கு 13.3 சதவீதமும், அவற்றையும் உண்டவற்றுக்கு 22.3 சதவீதமும் சேர்ந்தன. எந்தப் படியிலும் சரியாகப் பத்து இல்லை.

இன்னும் தெளிவான கணக்கு ஃபுளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்றுநீரில் ஹோவர்ட் ஓடம் எடுத்து 1957இல் வெளியிட்டது. ஒரு சதுர மீட்டரில் ஓர் ஆண்டில் தாவரங்கள் சேர்த்தது 20,810 கிலோ கலோரி. அதில் 11,977ஐத் தங்கள் சுவாசத்துக்கே அவை செலவழித்துவிட்டன. தாவர உண்ணிகளுக்குப் போனது 3,368. அவற்றை உண்ட ஊனுண்ணிகளுக்கு 383. உச்சியிலிருந்த பெரிய ஊனுண்ணிகளுக்கு 21. பேரனிடம் இந்த எண்களைக் கொடுத்து ஒவ்வொரு படிக்கும் சதவீதம் போடச் சொல்லுங்கள்: முதலில் 16, பிறகு 11, கடைசியில் ஐந்தரை என்று வரும்.

மீதி எங்கே போகிறது என்பதற்கு மூன்று வழிகள் உண்டு. கீழ்ப்படியில் உள்ளதில் பெரும்பகுதி உண்ணப்படாமலே இறந்து வீழ்கிறது. உண்டதில் ஒரு பகுதி செரிக்காமல் எச்சமாகப் போகிறது. செரித்ததில் பெரும்பகுதி ஓடவும் நீந்தவும் உடலைப் பழுதுபார்க்கவும் எரிந்து வெப்பமாகக் கலைகிறது. முதல் இரண்டும் அழிந்துபோவதில்லை; அவை பூஞ்சை, பாக்டீரியா, புழுக்களின் இன்னோர் உணவுச் சங்கிலிக்கு அடியாகின்றன. வெப்பமாகப் போனதை மட்டும் எந்த உயிராலும் திரும்பப் பிடிக்க முடியாது. ஆகவேதான் நாள்தோறும் புதிதாக வெயில் வேண்டியிருக்கிறது. நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதே மண்ணுக்கும் நீருக்கும் மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருக்கின்றன.

கண்மாய்க்கு வருகிறேன். உங்கள் கண்ணில் படாத பச்சைதான் அங்கே பெரும் பச்சை. தண்ணீரைப் பச்சையாகக் காட்டும் நுண்பாசிகள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல். தக்க வெயிலும் சத்தும் இருந்தால் அவற்றில் பல, நாளுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். பிரியப்பிரிய நீர்ப்பூச்சிகளும் குஞ்சு மீன்களும் அவற்றை உண்டுவிடும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், முதல் சிறியதுதான், ஆனால் அன்றாடம் புரண்டுவருகிற முதல். ஆண்டு முடிவில் வரவு பெரிதாக நிற்கும். மீனோ பல மாத வரவைத் தன் உடலில் சேர்த்துவைத்திருப்பது. ஒரே நாளில் இரண்டையும் எடைபோட்டால் மீனின் பக்கம் கனக்கலாம், எடைப் பிரமிடு தலைகீழாகவும் நிற்கலாம். ஓராண்டில் ஒவ்வொரு படியின் வழியே போன ஆற்றலைக் கணக்கிட்டால் மட்டும் அது ஒருபோதும் தலைகீழாவதில்லை. இதோடு, கண்மாய் மீன் முழுவதும் கண்மாய்ப் பாசியையே நம்பியிருப்பதும் இல்லை. மழையோடு வரத்துக்கால் வழியே காட்டுச் சருகும் ஆட்டுப் புழுக்கையும் மாட்டுச் சாணியும் அடித்துவரப்படுகின்றன. அவற்றை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களையும் புழுக்களையும் கெளுத்தி போன்ற அடிமீன்கள் உண்கின்றன. கோடையில் வண்டலாக வெட்டி வயலுக்கு எடுப்பது அந்த வரவின் எச்சத்தைத்தான்.

கொக்கும் நாரையும் குறைவாக இருப்பதற்கு அவை உயரப் படியில் இருப்பது ஒரு காரணம். அவற்றின் உடற்சூடு இன்னொரு காரணம், என் எண்ணத்தில் அதுவே பெரிது. மீனின் உடல் தண்ணீரின் வெப்பத்திலேயே இருக்கும். அது செரித்த ஆற்றலில் பத்து சதவீத அளவு புதிய உடலாக மாறக்கூடும். பறவை தன் உடலை எப்போதும் 40 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருக்க வேண்டும். அதற்கே பெரும்பங்கு போய், செரித்ததில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே சதையாகவும் முட்டையாகவும் மிஞ்சுகிறது. ஆகவே ஒரு கண்மாய் தாங்கக்கூடிய நாரைகளின் எண்ணிக்கை, அதே இரையை உண்ணும் விராலின் எண்ணிக்கையைவிட மிகக் குறைவாகவே இருக்கும்.

அப்படியானால் திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களில் அவ்வளவு பறவைகள் எப்படி என்று பேரன் கட்டாயம் கேட்பான். அங்கே அவை கூடு கட்டுகின்றன, இரவில் தங்குகின்றன. இரைக்கோ சுற்றிலுமுள்ள கண்மாய்களுக்கும் நெல் வயல்களுக்கும் பறந்துபோய்வருகின்றன. ஒரு கூட்டத்தை ஊட்டுவது ஒரு கண்மாய் அன்று, ஒரு வட்டாரம். நத்தைகுத்தி நாரை வயல் நத்தையை உண்பதால் அதற்குப் பாசி, நத்தை, நாரை என்று சங்கிலி குறுகியது. மீனை உண்ணும் மீனைப் பிடிக்கும் பறவைக்கு நீண்டது. குறுகிய சங்கிலியில் இழப்பு குறைவு. அந்த ஊர் மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் பறவைகளைக் காத்துவருவதை எல்லோரும் அறிவோம். அவர்கள் காப்பது கூட்டை. அந்தப் பறவைகளின் சோறு சுற்றுவட்டாரத்துக் கண்மாய்கள் நிறைவதைப் பொறுத்தது. ஒரு கண்மாயில் ஆக்கிரமிப்பும் சீமைக்கருவேலமும் மண்டி வரத்துக்கால் அடைபட்டால், பல கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கூட்டில் குஞ்சு பசித்திருக்கும் என்பதைச் சரணாலயத்துக்கு வெளியே உள்ள ஊர்களும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

விவசாயி ஐயாவின் கவனத்துக்கு ஒன்று: ஆற்றல் படிதோறும் குறைகிறது, ஆனால் டிடிடி போல எளிதில் சிதையாமல் கொழுப்பில் தங்கும் பூச்சிமருந்துகள் படிதோறும் கூடுகின்றன. உண்ட உணவு எரிந்துபோகிறது, நஞ்சு எரியாமல் தங்கிவிடுகிறது. உச்சியிலுள்ள பறவையில் அது மிகச் செறிந்திருக்கும்.

பதில்: தேவகோட்டை, ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்

மாணவியின் விளக்கத்தில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. பையன் கணக்கோடு நின்றுவிடாமல் கண்ணாலும் பார்க்கட்டும் என்பதற்காக ஒரு சோதனை சொல்லுகிறேன். ஊருணியிலோ கண்மாயிலோ ஹைட்ரில்லா என்னும் நீர்ச்செடி கிடைக்கும். ஜகதீஷ் சந்திர போஸ் தம் ஒளிச்சேர்க்கை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தியதும் இதையேதான். அவனைத் தனியே தண்ணீரில் இறங்க விடாமல் பெரியவர் ஒருவர் கூடப்போய் எடுத்துவர வேண்டும்.

தண்டை நீருக்குள் வைத்தே சாய்வாக வெட்டி, ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் அதே ஊருணி நீரை ஊற்றி, வெட்டிய முனை மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, ஒரு புனலால் கவிழ்த்து மூடி, புனலின் குழாய்மேல் நீர் நிரம்பிய சோதனைக்குழாயைக் கவிழ்த்து வையுங்கள். காலை பத்து மணி வெயிலில் முற்றத்தில் வைத்தால் சிறிது நேரத்தில் வெட்டிய முனையிலிருந்து குமிழிகள் ஒழுங்காக எழும். ஒரு நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். பிறகு அதே பாத்திரத்தை வளவின் நிழலுக்கு நகர்த்தி, சற்றுப் பொறுத்து, மறுபடி எண்ணச் சொல்லுங்கள். அதன் பின் மீண்டும் வெயிலில் வைத்து, ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவைக் கரைத்து மூன்றாம் முறை எண்ணட்டும். சோடாவிலிருந்து செடிக்குக் கரியமில வாயு கூடுதலாகக் கிடைப்பதால் குமிழிகள் பெருக வேண்டும். சோடா கூடிவிட்டால் செடி கெட்டுவிடும், சிட்டிகைக்கு மேல் வேண்டாம்.

முழுவதும் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் இன்னொரு துண்டை வைத்து அதையும் எண்ணிப் பார்க்கலாம். கொதிக்கும்போது கரைந்திருந்த வாயு வெளியேறிவிடுவதால் அங்கே குமிழி மிகக் குறைவாக இருக்கும், அல்லது வரவே வராது. நான்கு எண்ணிக்கைகளையும் அவன் தன் நோட்டில் எழுதிக்கொண்டு, எது எதனால் மாறியது என்று அவனே முதலில் சொல்லட்டும். நாம் பிறகு பேசலாம். எண்கள் வந்ததும் இங்கேயே எழுதுங்கள் ஆச்சி, சேர்ந்து பார்ப்போம்.